சுருக்குப்பைக்குள் எமன்! குடிசைப்பகுதி முதியவர்களை வாட்டும் புற்று நோய்

சென்னை-

காலையில் டீ, பன். மத்தியானம் பழைய சோறு, ஊறுகாய். ராத்திரி ரேஷன் அரிசி சோறு, கருவாட்டு குழம்பு. நடுநடுவே வெற்றிலை பாக்கு, புகையிலை. ஆண்களாக இருந்தால் மதுவும் சேரும்.

சென்னை நகரின் குடிசைப்பகுதிகளில் முதியவர்கள் பலரின் அன்றாட சாப்பாடு இதுதான். இந்த சாப்பாட்டுக்குள் புகுந்துதான் புற்று நோய் அவர்கள் உயிரை குடிக்கிறது.

காசிமேடு, கொருக்குப்பேட்டை, வியாசர்பாடி, புளியந்தோப்பு, கண்ணகி நகர். பேட்டை எதுவாக இருந்தாலும் கதை ஒன்றுதான்.

வாயில் சின்னதாக ஒரு புண் வரும். "சூட்டு கொப்பளம்" என்று மோர் குடிப்பார்கள். ஆறாது. மெடிக்கல் ஷாப்பில் மாத்திரை வாங்கி போடுவார்கள். அப்போதும் ஆறாது. மாதங்கள் ஓடும். கழுத்தில் கட்டி தெரிந்த பிறகுதான் ஆஸ்பத்திரிக்கு போவார்கள். "தாடை எலும்பை எடுக்கணும்" என்று டாக்டர் சொல்வார்.

"முன்னாடியே வந்திருக்க கூடாதா, ஆயா?"

"வலிக்கலையே சாமி, வலிச்சிருந்தா வந்திருக்க மாட்டேனா?"

விஷயமே அங்குதான் இருக்கிறது. ஆரம்பத்தில் இந்த நோய் வலிக்காது. வலிக்க தொடங்கும்போது முற்றிப்போய் இருக்கும்.

இதுபற்றிய விவரம் வருமாறு:-

சோறு போகும் பாதை

சென்னையில் யாருக்கு எந்த உறுப்பில் புற்று நோய் வருகிறது என்ற கணக்கு 1982-ம் ஆண்டு முதல் எழுதப்பட்டு வருகிறது. எழுதுவது அடையாறு புற்று நோய் ஆஸ்பத்திரி.

அந்த கணக்கில் ஆண்களுக்கு பல ஆண்டுகள் முதல் இடத்தில் இருந்தது இரைப்பை புற்று நோய். வாய், உணவுக்குழாய், நுரையீரல் ஆகியவையும் முன்வரிசையில் இருந்தன. பெண்களுக்கு முதலில் கர்ப்பப்பை வாய் புற்று நோய் அதிகமாக இருந்தது. பிறகு மார்பக புற்று நோய் அதை முந்தி விட்டது.

வாய், உணவுக்குழாய், இரைப்பை. மூன்றும் சோறு போகும் பாதை! அதனால்தான் டாக்டர்களின் சந்தேகம் சாப்பாட்டின் மீதும், அதோடு வாய்க்குள் போகும் மற்ற பொருள்கள் மீதும் திரும்பியது.

வயதானவர்களை இது அதிகம் பிடிப்பதற்கும் காரணம் உண்டு. ஒரே நாளில் வருகிற நோய் அல்ல இது. 20 வயதில் போட தொடங்கிய பாக்கும் புகையிலையும் 60 வயதில் வந்து கணக்கு தீர்க்கும். 

2022-ம் ஆண்டில் மட்டும் இந்தியாவில் புதிதாக 14 லட்சம் பேருக்கு புற்று நோய் வந்ததாக உலக கணக்கு கூறுகிறது. அதில் உதடு, வாய் புற்று நோய் மட்டும் 1 லட்சத்து 40 ஆயிரத்துக்கு மேல்.

முதல் குற்றவாளி

முதல் குற்றவாளி ஆயாவின் சுருக்குப்பைக்குள் இருக்கிறான். பாக்கும் புகையிலையும்தான் அவன்.

இது இன்று நேற்று கண்டுபிடித்த விஷயம் அல்ல. அப்போது திருவிதாங்கூரில் இருந்த நெய்யூரில் மிஷன் ஆஸ்பத்திரி டாக்டர் ஒருவர், வெற்றிலை பாக்கு போடுகிறவர்களுக்கு வாய் புற்று நோய் வருவது பற்றி 1933-ம் ஆண்டிலேயே லண்டன் மருத்துவ பத்திரிகையில் எழுதி விட்டார். நெய்யூர் இன்று கன்னியாகுமரி மாவட்டத்தில் இருக்கிறது.

உலக சுகாதார நிறுவனத்தின் புற்று நோய் ஆராய்ச்சி பிரிவு பிரான்சு நாட்டில் லியான் நகரில் உள்ளது. 2004-ம் ஆண்டு அது ஒரு தீர்ப்பு கொடுத்தது. புகையிலை சேர்க்காமல் போட்டாலும் பாக்கு புற்று நோயை உண்டாக்கும் என்பதுதான் அந்த தீர்ப்பு.

"நான் புகையிலை போடறது இல்லீங்க, வெறும் பாக்குதான்" என்று சொல்லி தப்பிக்க முடியாது!

பாக்கு போடுகிறவர்களுக்கு இன்னொரு கோளாறும் வரும். கன்னத்தின் உள்பக்க தோல் வெளுத்து கெட்டியாகி விடும். காரம் பட்டால் நெருப்பு மாதிரி எரியும். வாய் சுருங்கிக்கொண்டே வரும். மூன்று விரலை செங்குத்தாக வாய்க்குள் நுழைக்க முடியவில்லை என்றால் உஷாராகி விட வேண்டும். இது புற்று நோயாக மாறக்கூடியது.

அப்படியானால் ஏன் போடுகிறார்கள்?

"ரெண்டு தபா போட்டுக்கினா பசி தெரியாது. வேலையும் ஓடும்." இதுதான் வழக்கமாக கிடைக்கும் பதில். மீன் தரம் பிரிக்கும் இடம், சித்தாள் வேலை, விடியற்காலை தெரு கூட்டும் வேலை. நேரத்துக்கு சோறு கிடையாது. சோற்றைவிட பாக்கு மலிவு. சிலர் கன்னத்தில் அடக்கிக்கொண்டே தூங்கி விடுவார்கள். விடிய விடிய அந்த சாறு ஒரே இடத்தில் பட்டுக்கொண்டே இருக்கும். புண் வருவதும் பெரும்பாலும் அந்த கன்னத்தில்தான்.

தமிழ்நாட்டில் குட்காவுக்கு 2013-ம் ஆண்டு தடை போடப்பட்டது. ஆனாலும் மூட்டை மூட்டையாக பிடிபடும் செய்தி அடிக்கடி வருகிறது. பாக்குத்தூளையும் புகையிலையையும் சுண்ணாம்போடு சேர்த்து தேய்க்கும் "மாவா" சந்து பொந்துகளில் விற்கிறது.

கூட்டாளி

முதல் குற்றவாளிக்கு ஒரு கூட்டாளி உண்டு. அது மது.

மதுவும் புற்று நோயை உண்டாக்கும் பொருள் என்று 1988-ம் ஆண்டிலேயே உலக ஆராய்ச்சி பிரிவு அறிவித்து விட்டது. வாய், தொண்டை, உணவுக்குழாய், ஈரல், பெருங்குடல், பெண்களின் மார்பகம் ஆகியவற்றை அது தாக்கும். பிராந்தி, விஸ்கி, பீர் என்ற பேதம் இல்லை.

மதுவும் புகையிலையும் ஒன்று சேர்ந்தால் ஆபத்து கூட்டல் கணக்கில் ஏறாது. பெருக்கல் கணக்கில் ஏறும். கையில் கிளாஸ், வாயில் பீடி என்று உட்காரும் தாத்தாக்கள் இதை கவனிக்க வேண்டும்.

உப்பு செய்யும் வேலை

அடுத்தது உப்பு.

கஞ்சியோ, கேழ்வரகு கூழோ கெட்டது அல்ல. நல்ல சாப்பாடுதான். அதற்கு தொட்டுக்கொள்வதில்தான் வில்லங்கம். ஊறுகாய், மோர் மிளகாய், கருவாடு, அப்பளம். எல்லாமே உப்பு மூட்டை.

காய்கறிக்கு காசு இல்லாத வீட்டில் ஒரு துண்டு கருவாடு இருந்தால் ஒரு குண்டான் சோறு இறங்கி விடும். ஏழைகள் அதை நாடுவதில் ஆச்சரியம் இல்லை.

உப்பு அதிகமானால் இரைப்பையின் உள்தோல் அரிக்கப்படுகிறது. உப்பில் ஊறிய பண்டங்களை அதிகம் சாப்பிடும் மக்களிடம் இரைப்பை புற்று நோயும் அதிகமாக இருப்பது ஜப்பான், கொரியா போன்ற நாடுகளில் தெரிய வந்தது. 

ஒரு நாளைக்கு 5 கிராம் உப்பு போதும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அதாவது ஒரு சிறிய ஸ்பூன். இந்தியர்கள் சராசரியாக 8 கிராம் சாப்பிடுகிறார்கள் என்று ஆய்வு சொல்கிறது. ரத்தக்கொதிப்பும் கூடவே ஏறுகிறது.

கிருமியை குடித்த டாக்டர்

இரைப்பையை கெடுப்பதில் உப்புக்கு துணை ஒரு கிருமி. பெயர் ஹெலிகோபாக்டர் பைலோரி.

வயிற்று புண்ணுக்கு கவலையும் காரமும்தான் காரணம் என்று டாக்டர்கள் நம்பிக்கொண்டு இருந்த காலம். ஆஸ்திரேலியாவை சேர்ந்த பாரி மார்ஷல் என்ற டாக்டர் "கிருமிதான் காரணம்" என்றார். யாரும் நம்பவில்லை. 1984-ம் ஆண்டு அவர் அந்த கிருமியை கரைசலாக்கி தானே குடித்து விட்டார்! சில நாளில் வாந்தி. சோதித்து பார்த்தபோது இரைப்பை வீங்கி இருந்தது. அவருக்கும் அவரது கூட்டாளி ராபின் வாரனுக்கும் 2005-ம் ஆண்டு நோபல் பரிசு கிடைத்தது.

வயிற்று புண்ணை உண்டாக்கும் அதே கிருமி சிலருக்கு இரைப்பை புற்று நோயையும் உண்டாக்கும் என்று 1994-ம் ஆண்டு அறிவிக்கப்பட்டது.

இந்த கிருமி பெரும்பாலும் சின்ன வயதில் தொற்றும். ஒரே அறையில் எட்டு பேர், குழாயடி தண்ணீர், பக்கத்திலேயே சாக்கடை என்று வளர்ந்தவர்களுக்கு வாய்ப்பு அதிகம். இன்று 65 வயதாகும் தாத்தாவுக்கு 5 வயதில் வந்த கிருமி வயிற்றிலேயே குடியிருக்கலாம். கிருமி இருப்பவர்களில் பெரும்பாலோருக்கு புற்று நோய் வருவது இல்லை. ஆனால் கிருமி இருந்தால் மாத்திரையால் அதை ஒழிக்க முடியும்.

இங்கே ஒரு எச்சரிக்கை. வயிறு எரிந்தால் "கேஸ் மாத்திரை" வாங்கி போட்டுக்கொண்டு காலம் தள்ளுகிறவர்கள் ஏராளம். அந்த மாத்திரை எரிச்சலை அடக்கும். உள்ளே புற்று நோய் இருந்தால் அதையும் கொஞ்ச நாள் மறைத்து விடும்!

பூஞ்சணம் பிடித்த கடலை

வேர்க்கடலை நல்ல சத்துள்ள பண்டம். ஆனால் ஈரத்தில் கிடந்து பூஞ்சணம் பிடித்தால் விஷம். அந்த பூஞ்சணம் உண்டாக்கும் "அப்ளாடாக்சின்" என்ற நஞ்சு ஈரலில் புற்று நோயை உண்டாக்கும். மஞ்சள் காமாலை பி வகை கிருமியும் உடம்பில் இருந்தால் ஆபத்து பல மடங்கு ஆகும்.

வறுத்தாலும் வேக வைத்தாலும் இந்த நஞ்சு முழுதாக போகாது. கசக்கிற கடலையை துப்பி விட வேண்டும். "காசு கொடுத்து வாங்கினதாச்சே" என்று விழுங்க கூடாது.

தட்டில் இல்லாதது என்ன?

தட்டில் இருப்பதை மட்டும் பேசினால் போதாது. இல்லாததையும் பேச வேண்டும். இல்லாதது கீரை, காய், பழம்.

தினமும் 400 கிராம் காய்கறி, பழம் சாப்பிட வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவு. இவற்றை நன்றாக சாப்பிடுகிறவர்களிடம் வாய், தொண்டை, உணவுக்குழாய் புற்று நோய்கள் குறைவாக காணப்படுகின்றன. நார்ச்சத்து பெருங்குடலுக்கு பாதுகாப்பு.

ஏழை முதியவருக்கு 400 கிராமுக்கு எங்கே போவது?

ரேஷனில் 2011-ம் ஆண்டு ஜூன் முதல் அரிசி இலவசம். பருப்பும் பாமாயிலும் மானிய விலையில் வந்தன. காய்கறி அந்த பட்டியலில் கிடையாது. முதியோர் உதவித்தொகை 2023-ம் ஆண்டு 1,000 ரூபாயில் இருந்து 1,200 ரூபாயாக உயர்த்தப்பட்டது. கணக்கு போட்டால் நாளைக்கு 40 ரூபாய். இதில் மாத்திரையும் வாங்க வேண்டும், பேரப்பிள்ளைக்கு மிட்டாயும் வாங்க வேண்டும்.

நகரத்தின் நடுவே இருந்த குடிசைகளை அப்புறப்படுத்தி கண்ணகி நகர், செம்மஞ்சேரி, பெரும்பாக்கம் என்று நகருக்கு வெளியே குடியமர்த்தினார்கள். பழைய இடத்தில் சாயங்காலம் மார்க்கெட்டில் கழித்த காயை மலிவாக வாங்கி வந்தவர்களுக்கு அந்த வழியும் அடைபட்டது.

பல் போன சங்கடம் வேறு. கொய்யாக்காயை கொடுத்தால் ஆயா எப்படி கடிப்பார்? சோற்றில் ரசத்தை ஊற்றி பிசைந்து விழுங்கி விடுகிறார். வீட்டில் பிள்ளைகள் சாப்பிட்டு மிச்சம் இருந்தால்தான் பெரியவர்களுக்கு குழம்பில் காய் கிடைக்கும்.

பெண்களுக்கு இன்னொரு ஆபத்து. இரும்புச்சத்து குறைந்து சோகை முற்றினால் சிலருக்கு சோறு தொண்டையில் அடைக்கும். இதை கவனிக்காமல் விட்டால் தொண்டைக்குழியில் புற்று நோய் வரக்கூடும். "வயசாச்சி, அதான் இறங்கல" என்று அலட்சியம் கூடாது.

சந்தேக கேஸ்

சிலவற்றின் மீது சந்தேகம் இருக்கிறது. குற்றம் இன்னும் முழுதாக நிரூபணம் ஆகவில்லை.

ஒன்று, காய்ச்சி காய்ச்சி கறுத்துப்போன எண்ணெய். பஜ்ஜி, வடை, மீன் வறுவல் போடும் சட்டியில் அதே எண்ணெய் பல நாள் கொதிக்கும். எண்ணெயில் கெட்டுப்போன பொருள்களின் அளவு 25 சதவீதத்தை தாண்டினால் அதை சமையலுக்கு பயன்படுத்த கூடாது என்று 2018-ம் ஆண்டு ஜூலை 1-ந்தேதி முதல் சட்டம் வந்தது. தள்ளுவண்டிக்கு யார் போய் அளந்து பார்ப்பது? புற்று நோய் சந்தேகம் ஒரு பக்கம் இருக்கட்டும். இதயத்துக்கு அந்த எண்ணெய் கேடு.

இன்னொன்று, கொதிக்க கொதிக்க டீ குடிப்பது. 65 டிகிரிக்கு மேல் சூடாக குடிப்பது உணவுக்குழாயில் புற்று நோயை உண்டாக்கக்கூடும் என்று 2016-ம் ஆண்டு அறிவித்தார்கள். டீ மீது குற்றம் இல்லை. சூடுதான் குற்றம். ஆற்றி குடித்தால் தீர்ந்தது.

வீண் வதந்திகளும் உலவுகின்றன. பிராய்லர் கோழி தின்றால் புற்று நோய் வரும் என்பதற்கு ஆதாரம் கிடையாது. புற்று நோய் ஒட்டுவாரொட்டி என்று நோயாளிக்கு தனி தட்டு, தனி டம்ளர் வைப்பது கொடுமை. ஒரே தட்டில் சாப்பிட்டாலும் அது தொற்றாது.

மலிவான மருந்து

ஆப்பிளும் ஆரஞ்சும் வாங்க வேண்டியது இல்லை. இந்த ஊரிலேயே கிடைக்கும் பொருள்கள் போதும்.

முருங்கைக்கீரை பல சந்துகளில் சும்மாவே கிடைக்கும். சிறுகீரை, அரைக்கீரை ஒரு கட்டு வாங்கி கடைந்தால் பல் இல்லாதவரும் சாப்பிடலாம். பப்பாளி, வாழைப்பழம் மெல்ல வேண்டியது இல்லை. நெல்லிக்காயை துவையல் ஆக்கலாம். காசிமேட்டில் மத்தி மீன் மலிவாக கிடைக்கிற நாளில் கருவாட்டுக்கு பதில் குழம்பு வைக்கலாம். கருவாடு இல்லாமல் முடியாது என்றால் வெந்நீரில் நன்றாக ஊற வைத்து, அலசி, தண்ணீரை கொட்டி விட்டு சமைக்க வேண்டும். குழம்புக்கு தனியாக உப்பு போட வேண்டாம்.

ஒன்றை மறக்க கூடாது. கீரை தின்று விட்டு புகையிலை போட்டால் கீரை காப்பாற்றாது. பாக்கையும் புகையிலையையும் விடுவதுதான் முதல் வைத்தியம். "இந்த வயசுல விட்டு இன்னா ஆவப்போவுது?" என்று கேட்பவர்கள் உண்டு. விட்ட பிறகு ஆண்டுக்கு ஆண்டு ஆபத்து குறைகிறது என்பதுதான் பதில்.

டார்ச் லைட் காப்பாற்றிய உயிர்கள்

பக்கத்து கேரளத்தில் நடந்ததை கேளுங்கள்.

திருவனந்தபுரம் மாவட்டத்தில் 1996-ம் ஆண்டு ஒரு ஆராய்ச்சி தொடங்கினார்கள். 35 வயதுக்கு மேற்பட்ட சுமார் 1 லட்சத்து 90 ஆயிரம் பேரை இரண்டு பிரிவாக பிரித்தார்கள். ஒரு பிரிவினரின் வீடுகளுக்கு பயிற்சி பெற்ற ஊழியர்கள் போனார்கள். வெளிச்சத்தில் வாயை திறக்க சொல்லி பார்த்தார்கள். சந்தேகம் வந்தால் டாக்டரிடம் அனுப்பினார்கள். அவ்வளவுதான். பெரிய மிஷின் எதுவும் கிடையாது.

2005-ம் ஆண்டு முடிவு வெளிவந்தது. புகையிலை, மது பழக்கம் உள்ளவர்களிடம் வாய் புற்று நோய் சாவு 34 சதவீதம் குறைந்து இருந்தது!

தமிழ்நாட்டிலும் மாநகராட்சி ஆரம்ப சுகாதார நிலையங்களில் 30 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு ரத்தக்கொதிப்பு, சர்க்கரையோடு வாய், மார்பகம், கர்ப்பப்பை வாய் சோதனைகளையும் செய்யும் ஏற்பாடு வந்தது. 2021-ம் ஆண்டு ஆகஸ்டு 5-ந்தேதி தொடங்கிய "மக்களை தேடி மருத்துவம்" திட்டத்தில் ஊழியர்கள் வீட்டுக்கே வந்தார்கள். வருகிறவரிடம் "பிரஷர் மட்டும் பாரும்மா" என்று சொல்லி அனுப்பி விட கூடாது. வாயையும் காட்ட வேண்டும்.

கீழ்க்கண்ட அறிகுறிகளில் ஒன்று இருந்தாலும் தாமதம் கூடாது:-

* 2 வாரத்துக்கு மேல் ஆறாத வாய் புண்.

* கன்னத்தில், நாக்கில் வெள்ளை அல்லது சிவப்பு திட்டு.

* சோறு விழுங்கும்போது அடைப்பது.

* காரணம் இல்லாமல் உடம்பு இளைப்பது, பசி செத்துப்போவது.

* தார் மாதிரி கறுப்பாக மலம் போவது.

* மாதவிலக்கு நின்ற பெண்களுக்கு மறுபடி ரத்தம் படுவது.

கத்தி வைத்தால் பரவுமா?

"கத்தி வெச்சா பரவிடும். சதை எடுத்து சோதிச்சா சீக்கிரம் செத்துடுவாங்க." இந்த பயத்தால் ஓடி விடுகிறவர்கள் ஏராளம். இது தவறு. சதை சோதனை செய்தால்தான் என்ன நோய் என்பதே தெரியும். வாய் புற்று நோயை ஆரம்பத்தில் பிடித்து விட்டால் பெரும்பாலோரை காப்பாற்ற முடியும். வந்தவர்கள் இறந்ததற்கு காரணம் கத்தி அல்ல. முற்றிய பிறகு வந்ததுதான்.

காசு இல்லையே என்ற கவலையும் வேண்டாம். ஸ்டான்லி, ராஜீவ் காந்தி, கீழ்ப்பாக்கம், ராயப்பேட்டை அரசு ஆஸ்பத்திரிகள் நகரத்துக்குள்ளேயே இருக்கின்றன. காஞ்சீபுரத்தை அடுத்த காரப்பேட்டையில் அண்ணா பெயரில் அரசு புற்று நோய் ஆஸ்பத்திரி உள்ளது.

அடையாறு ஆஸ்பத்திரி பிறந்ததே ஒரு சாவில் இருந்துதான். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் தங்கை புற்று நோயால் துடித்து இறந்தார். அந்த வேதனையில் எடுத்த முயற்சி 1954-ம் ஆண்டு 12 படுக்கைகளோடு ஆஸ்பத்திரியாக முளைத்தது. மறு ஆண்டு அங்கே வேலைக்கு சேர்ந்த டாக்டர் சாந்தா, 2021-ம் ஆண்டு தமது 93-வது வயதில் இறக்கும்வரை அதற்காகவே வாழ்ந்தார். "ஆரம்பத்திலேயே வாருங்கள்" என்பதுதான் அந்த ஆஸ்பத்திரி ஊருக்கு ஓயாமல் சொல்லி வரும் செய்தி.

அரசாங்கம் செய்ய வேண்டியதும் இருக்கிறது. மாவா வியாபாரியை பிடித்தால் போதாது. ரேஷன் கடை வாசலுக்கு கீரை வண்டி வர வேண்டும். குழாயில் நல்ல தண்ணீர் வர வேண்டும். நகருக்கு வெளியே தள்ளப்பட்டவர்களுக்கு பக்கத்திலேயே மார்க்கெட்டும் ஆஸ்பத்திரியும் வர வேண்டும்.

அதெல்லாம் வரும்போது வரட்டும். இன்று ராத்திரி வீட்டில் செய்யக்கூடியது ஒன்று உண்டு. ஆயாவை, தாத்தாவை விளக்கு வெளிச்சத்தில் உட்கார வைத்து, "ஆ" என்று வாயை திறக்க சொல்லுங்கள். நாக்கை தூக்க சொல்லி அடியிலும் பாருங்கள். இரண்டு கன்னத்தையும் இழுத்து பாருங்கள்.

இரண்டு நிமிஷம் ஆகும். காசு செலவு இல்லை.